சகல வசதிகளும் உண்டு

மூன்றாவது மாடித் திருப்பத்தில் துப்பறிவாளர் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்த ஒரு விரிசலை உற்றுப் பார்த்தார்.

“தடயமா சார்?” என்று கேட்டாள் வாயாடி.

“இல்லம்மா. மூச்சு.”

இரண்டாவது மாடியிலும் அவர் இப்படித்தான் ஒரு சிலந்தி வலையை ஆராய்ந்திருந்தார். வாயாடிக்கு அப்போதே சந்தேகம். ஆனாலும் முதலாளியின் மானத்தைக் காப்பது உதவியாளரின் கடமை என்பதால் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பது அபூர்வம். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை கோபத்தில் வைத்த பட்டத்தை அப்படியே தொழிலுக்கும் கொண்டுவந்து விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டவள் அவள். அவருக்கும் ஊர் வைத்த பெயர் ஒன்று உண்டு. நிதானம். வீடு தீப்பற்றினால்கூட எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று பார்த்துப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று போலீஸ்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு, தங்களுக்குப் பிடிபடாத வழக்குகளை அவரிடமே தள்ளியும் விடுவார்கள்.

இந்தக் குடியிருப்பின் வாசலில் பளபளவென்று ஒரு பலகை தொங்கியது. ‘சகல வசதிகளும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு.’ உள்ளே நுழைந்ததுமே வாயாடி அந்த வசதிகளைப் பார்த்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டியில் பாசி பச்சைப் பட்டு விரித்திருந்தது. பூங்காவில் ஒற்றைச் சங்கிலியில் ஊஞ்சல் தொங்கியது. மாடிப்படி விளக்குகளில் பாதி எரியவில்லை. லிப்ட் கதவில் ‘பழுது, பொறுத்தருளவும்’ என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒட்டிய பசை காய்ந்து, காகிதம் மஞ்சளாகி, அதுவே பொறுமை இழந்து ஒரு பக்கம் உரிந்து வந்துகொண்டிருந்தது.

ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்தவள்தான் அவர்களை வரவழைத்த மருமகள். தெருமுனையில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறாள். கணவனுக்குக் கப்பலில் வேலை, வருடத்தில் முக்கால்வாசி கடலில்தான். வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும், வீடு மாமனார் பெயரில். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையில் இருந்துதான், குரலில் இருந்து இல்லை.

“உள்ள வாங்க, உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க, உள்ள இடம் இருக்கு” என்று அவர் கூடத்திலிருந்தே முழங்கினார். வாயாடியின் கை தானாகச் சில்லறையைத் தேடியது.

மருமகள் விஷயத்தைச் சொன்னாள். லிப்ட் நின்று பல மாதமாகிறது. பராமரிப்புக் கம்பெனியைக் கேட்டால் மோட்டார் எரிந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும், அதற்காக ஆண்டுக் கட்டணத்தை இரட்டிப்பாக்குகிறோம் என்கிறார்கள். அவள் கட்ட மறுத்தாள். மறுநாளே பாக்கிதாரர் என்று அறிவிப்புப் பலகையில் பெயர் ஏறியது. இன்று சாயங்காலம் உரிமையாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அதில் கட்டண உயர்வும் அதே கம்பெனிக்கு இன்னொரு வருட ஒப்பந்தமும் நிறைவேறிவிடும்.

“பணத்துக்காக உங்களக் கூப்பிடல சார்” என்றாள் அவள். குரல் உடைந்ததை மறைக்க மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். “இவருக்கு இதயத்துல ஆபரேஷன் ஆயிருக்கு. தரையில நல்லா நடப்பாரு. படி மட்டும் ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தா நாலு ஆள் தூக்கணும். இனிமே நான் பாரமா இருக்க மாட்டேன்னு அவராவே முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணி இடம் வாங்கிட்டாரு. திங்கக்கிழமை போறாராம்.”

“அங்க தரைத்தளம்மா” என்றார் கண்டக்டர், ஏதோ சுற்றுலா போகிறவர் மாதிரி. “கதவத் திறந்தா தெரு. எனக்கு வேற என்ன வேணும்?”

அவர் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

நிதானம் மெல்ல இந்தக் கம்பெனி எப்படி உள்ளே வந்தது என்று விசாரித்தார். கண்டக்டருக்கு இதுதான் வேண்டும். சங்கத் தலைவர் கொண்டுவந்தது என்றார். யாருக்காவது சொந்தமா என்று அப்போதே தான் கேட்டதாகவும், ‘எனக்கும் அவர்களுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது’ என்று தலைவர் மைக்கில் சத்தியம் செய்ததாகவும் சொன்னார். போன வருடமும் இதே கட்டண உயர்வைக் கொண்டுவந்தார்களாம். நாலாம் மாடி, ஐந்தாம் மாடிக் கிழடுகள் எல்லாம் சேர்ந்து கீழே போய்ச் சத்தம் போட்டுத் தோற்கடித்தார்களாம்.

“கேள்வி கேக்கறதுக்குன்னே போவேன் சார். டிக்கெட் எடுக்காதவன எத்தனை பேரப் பாத்திருக்கேன். அந்தக் கூட்டம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல லிப்ட் படுத்துருச்சு. இந்த வருஷம் கேக்க ஆள் இல்ல.”

நிதானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கண்ணாடியை மாட்டினால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். என்ன என்று மட்டும் சொல்ல மாட்டார்.

பராமரிப்புக் கம்பெனியின் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. மேனேஜர் என்று சொல்லிக்கொண்டாலும் முதலாளியும் அவன்தான். குடியிருப்புவாசிகள் அவனுக்கு வைத்த பெயர் ‘பண்ணிடலாம்’. குழாய் ஒழுகினாலும் பண்ணிடலாம், சுவர் இடிந்தாலும் பண்ணிடலாம், எதுவும் பண்ணியதில்லை. அவன் குடியிருப்பை அசுத்தமாக வைத்திருந்த அளவுக்குத் தன் அலுவலகத்தைச் சுத்தமாக வைத்திருந்தான். மேஜையில் முகம் தெரிந்தது. அறை முழுக்க மல்லிகை வாசனை ஸ்ப்ரே அடித்திருந்தார்கள்.

நிதானம் வேறொரு குடியிருப்பின் செயலாளர் ஆனார். வாயாடி அவர் மகள் ஆனாள். தங்கள் கட்டடத்துக்கும் நல்ல பராமரிப்பு தேவைப்படுகிறது என்று அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்.

“பண்ணிடலாம் சார்” என்றான் அவன்.

தொட்டி கழுவ வேண்டும் என்றார். பண்ணிடலாம். லிப்ட் இருக்கிறது என்றார். பண்ணிடலாம். லிப்ட்டை என்ன பண்ணப் போகிறான் என்று கேட்க வாயாடிக்கு நாக்கு துறுதுறுத்தது. நிதானம் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தார்.

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. பெயரைப் பார்த்தவன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் சுழற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“சொல்லுங்க... ஆமா... சகல வேலையும் முடிஞ்சுது. இனி சாயங்காலம் கூட்டம்தான்.”

அவ்வளவுதான் கேட்டது. வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோல் நடித்து வெளியே ஓடிவந்தாள். தெருமுனை டீக்கடைக்கு வந்துதான் அடக்கிய சிரிப்பை அவிழ்த்துவிட்டாள்.

“சகல வேலையும் முடிஞ்சுதாம் சார். தொட்டியில தவள குடும்பம் நடத்துது. ஊஞ்சல் ஒத்தக் கால்ல தவம் பண்ணுது. இந்த ஆளு சகல வேலையும் முடிச்சிட்டாராம். கூசாம சொல்றான் பாருங்க.”

நிதானம் டீயை ஊதினார். சிரிக்கவில்லை.

“காலையில ஆபீஸ் வேலை என்னாச்சுன்னு உன்னக் கேட்டேனே, என்ன சொன்ன?”

“எல்லா வேலையும் முடிஞ்சுதுன்னேன்.” வாயாடி தலையைச் சொறிந்தாள். “அது பொய்தான் சார். அத இப்ப ஏன் கெளறறீங்க?”

“பொய்ய விடு. ஏன் சகல வேலையும்னு சொல்லல?”

“நான் என்ன நோட்டீஸ் போர்டா சார்?”

“அதேதான். அந்த வார்த்தை பலகையில இருக்கும். மேடையில இருக்கும். போன்ல ரகசியம் பேசறவன் வாயில வராது.” அவர் ஒரு வாய் குடித்தார். “வந்தா அதுக்கு வேற அர்த்தம்.”

வாயாடிக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பிறகு அவள் அப்பா நினைவுக்கு வந்தார். பெரியம்மா வீட்டுக்காரர் வந்துவிட்டால் போதும், இருவரும் ஒருவரையொருவர் வீடு அதிரக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அக்காவைக் கட்டியவரும் தங்கையைக் கட்டியவரும் வேறு எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்?

“சகல” என்றாள் அவள். டீ சிந்தியது. “சார், அவன் வேலைய எண்ணிச் சொல்லல. சகலையக் கூப்பிட்டு, வேலையும் முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கான்.”

“வாசல்ல அந்தப் பலகையப் படிச்சிட்டு வந்ததால நம்ம காது ஏமாந்துருச்சு” என்றார் நிதானம். போனில் இருந்த சகலை யார் என்பது ஊகம்தான் என்றும், ஊகத்தைக் கூட்டத்தில் வைத்தால் எடுபடாது என்றும் சொன்னார். ஸ்நானப் பிராப்தி இல்லை என்று சத்தியம் செய்தவரிடம் போய்க் கேட்கவும் முடியாது.

“ஆம்பளைங்க சகலைங்கற உறவ ஒளிச்சு வைப்பாங்க சார். பொம்பளைங்க கூடப்பொறந்தவள ஒளிக்க மாட்டாங்க” என்றாள் வாயாடி. “தலைவர் வீட்டம்மா புருவத்துக்கு எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியும்.”

மருமகளின் அழகு நிலையத்தில் மூன்று நாற்காலிகள், மூன்று கண்ணாடிகள், ஓயாமல் பாடும் ஒரு ரேடியோ. வாயாடி கடன் வாங்கிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு துண்டை மடிப்பவள்போல் நின்றாள். அவர்கள் அதிர்ஷ்டம், கூட்டத்துக்கு அலங்காரம் செய்துகொள்ள மதியமே வந்துவிட்டார் தலைவர் வீட்டம்மா. வெள்ளை மனசு. எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். இரண்டாம் மாடியில் வீடு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி, இரண்டு விரலால் புருவத்தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மருமகள் நூலைப் பல்லில் கடித்து வேலையை ஆரம்பித்தாள். வாயாடி தன் வேலையை ஆரம்பித்தாள்.

இவ்வளவு அழகான புருவம் குடும்பத்தில் எல்லோருக்குமா என்று அவள் வியந்தாள்.

“என் தங்கச்சிக்கு இதவிட அடர்த்தி கண்ணு” என்றார் அந்த அம்மாள், கண்ணைத் திறக்காமலே. “குடுத்து வச்சவ. அவ வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். எதக் கேட்டாலும் பண்ணிடலாம், பண்ணிடலாம்பாரு.”

நூல் நின்றது. மருமகள் கண்ணாடியில் வாயாடியைப் பார்த்தாள். வாயாடி ‘நிறுத்தாதே’ என்று கண்ணால் கெஞ்சினாள். நூல் மறுபடி ஓடியது.

ஒரு பக்கப் புருவம் முடிந்தது. பேச்சு பிள்ளைகளுக்குத் தாவி, சமையலுக்குத் தாவி, வீட்டுச் சாமான்களில் வந்து நின்றது. அம்மாள் வீட்டுக்குப் போன வாரம்தான் புது பீரோ வந்ததாம். ஆளுயரக் கண்ணாடி வைத்தது. அடேயப்பா, அதை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று வாயாடி சும்மாதான் கேட்டாள். அவள் எதிர்பார்த்த பதில் வேறு.

“அந்த ஆளுங்க பாவம் கண்ணு, படியில எப்படித் தூக்குவாங்க? எங்க வீட்டுக்காரர்தான் மனசு கேக்காம லிப்ட்டப் போட்டுக் குடுத்தாரு. சுவிட்ச் ரூம் சாவி அவர்கிட்டதான இருக்கு.”

மருமகள் ரேடியோவை அணைத்தாள்.

“லிப்ட் ஓடுதாக்கா?” என்று மருமகள் கேட்டாள்.

“ஓடாம என்ன? அடிக்கடி போட்டா மோட்டாருக்கு நல்லதில்லன்னு அவரு போடறதில்ல. எனக்கு ரெண்டாவது மாடிதானே, நடந்துருவேன்.”

மருமகள் நூலைக் கீழே வைத்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று வாயாடி நினைத்தாள். அவள் போடவில்லை. தன் மாமனார் திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போகிறார் என்று மட்டும் சொன்னாள். அம்மாள் கண்ணைத் திறந்தார். கண்டக்டர் அண்ணனா, நல்லாத்தானே இருந்தார், ஏன் என்று பதறிப்போய்க் கேட்டார்.

“படி ஏற முடியாதுக்கா. அதனாலதான்.”

அம்மாள் கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தில் கட்டிய துணியை அவிழ்த்தார். கைப்பையை எடுத்தார். ஒரு பக்கம் வில்லாகவும் மறுபக்கம் புதராகவும் இருந்த புருவத்தோடு வெளியே போய்விட்டார்.

வாயாடி ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. ஓடிப்போய் நிதானத்திடம் ஒப்பித்தாள். காரியம் கெட்டது, அந்த அம்மாள் நேராக வீட்டுக்குப் போய்ப் புருஷன் காதில் போட்டுவிடுவார், தலைவர் உஷாராகி மோட்டாரையே கழற்றிவிடுவார் என்று புலம்பினாள்.

“ஒரு புருவத்தோடயா போனாங்க?” என்று மட்டும் கேட்டார் அவர்.

“ஆமா சார்.”

நிதானம் இன்னொரு டீ சொன்னார். பிறகு மருமகளுக்குப் போன் போட்டு, மேல்மாடிகளில் கீழே இறங்க முடியாதவர்கள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரையும் கூட்ட நேரத்துக்கு லிப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்க வேண்டாம் என்றார். ஏன் என்று வாயாடி கேட்டாள். அவளுக்கும் பதில் கிடைக்கவில்லை.

கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம் தொடங்கியது. அறை சின்னது, ஆனாலும் தலைவருக்கு மைக் வேண்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், அடுத்த தேர்தலுக்கு இப்போதே நிற்பவர்போல் நின்றார். பக்கத்தில் பண்ணிடலாம் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் கீழ்மாடிக்காரர்கள். பாதிப் பேர் முகத்தில் எரிச்சல், மீதிப் பேர் முகத்தில் வீட்டுக்குப் போனால் போதும் என்ற அலுப்பு. நிதானமும் வாயாடியும் ஐந்தாம் மாடி வீட்டின் விருந்தாளிகள் என்று சொல்லி, பண்ணிடலாமுக்குப் பின்னால் இருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

தலைவர் ஒரு மூச்சு பேசினார். மோட்டார் என்றார், வெளிநாடு என்றார், தியாகம் என்றார். யாரோ எழுந்து, இந்தக் கம்பெனிக்கே ஏன் திரும்பத் திரும்பக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். யாரும் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் தொழில் முறை என்று தலைவர் நெஞ்சில் கை வைத்தார்.

நிதானம் முன்னால் குனிந்தார். பண்ணிடலாமின் காதுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒரு சொல்லைச் சொன்னார்.

“சகல...”

“சொல்லுங்க சகல” என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மைக் பக்கத்தில் இருந்தது. அறை முழுக்கக் கேட்டது.

“...வசதிகளும் கொண்ட குடியிருப்புன்னு வாசல்ல படிச்சேன். அதப் பத்திக் கேக்கலாம்னு வந்தேன்” என்று முடித்தார் நிதானம். “நீங்க யாருக்குப் பதில் சொன்னீங்க?”

பண்ணிடலாம் முகத்தில் ஈயாடவில்லை. அவன் தலைவரைப் பார்த்தான். தலைவர் கூரையைப் பார்த்தார். முதலில் முன்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்தாள், பிறகு கூடமே சிரித்தது. வாயாடி எழுந்து, தலைவரின் மைத்துனியைக் கட்டியவர்தான் இந்த மேனேஜர் என்று எல்லோருக்கும் புரியும்படி உடைத்துச் சொன்னாள். குட்டு வெளிப்பட்டது, கதை முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

தலைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மைக்கை ஒரு தட்டு தட்டினார்.

“சரி, சகலைதான். சொந்தக்காரனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நம்ம விதியில எங்கயாவது இருக்கா? இல்ல. வேற ஒரு விதி இருக்கு. கூட்டத்துக்கு நேர்ல வராத உரிமையாளர்கள் தீர்மானத்துக்குச் சம்மதிச்சதாத்தான் கணக்கு. நாலாம் மாடியும் அஞ்சாம் மாடியும் வரல, கீழயும் பாதி வீடு வரல. வந்தவங்க அத்தனை பேரும் எதிர்த்துக் கை தூக்கினாலும் அவங்கதான் அதிகம். தீர்மானம் நிறைவேறிருச்சுன்னு அறிவிக்கட்டுமா?”

சிரிப்பு நின்றது. வாயாடிக்கு அப்போதுதான் உறைத்தது. லிப்ட் அலட்சியத்தால் நிற்கவில்லை. கேள்வி கேட்கிற வாய்களை மேலேயே பூட்டி வைத்து, அவற்றின் ஓட்டை மட்டும் கீழே கொண்டுவர நிறுத்தியிருக்கிறார்கள். கண்டக்டர் திங்கட்கிழமை முதியோர் இல்லத்துக்குப் போன பிறகும் அவர் ஓட்டு வருடா வருடம் இந்த ஆளுக்கே விழும். ஆத்திரத்தில் வாயாடிக்கே பேச்சு வராத நாள் அது.

நிதானம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது சுவருக்குப் பின்னால் ஏதோ உறுமியது. தூக்கத்தில் இருந்து எழுந்த மாதிரி ஒரு குலுக்கல், பிறகு ஒரே சீரான ஓசை. கூடத்தின் திறந்த கதவுக்கு எதிரே, மஞ்சள் காகிதம் ஒட்டிய லிப்ட்டின் மேல் ஒரு சிவப்பு எண் எரிந்தது. ஐந்து. அது நான்கானது. அங்கே கொஞ்சம் நின்று மறுபடி உறுமியது. மூன்று. தலைவரின் கை சட்டைப்பையைத் தடவியது. இரண்டு. பையில் சாவி இல்லை.

கதவு திறந்தது.

“பாத்து, பாத்து, எல்லாரும் இறங்கற இடம் இதான், முன்னால இருக்கறவங்க முதல்ல இறங்குங்க” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். கதவில் முதுகைச் சாய்த்து அது மூடிவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நாலாம் மாடித் தையல்காரம்மா இறங்கினார். ஊன்றுகோலோடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இறங்கினார். மூட்டுவலித் தம்பதி கைகோத்து இறங்கினார்கள். எல்லோரும் இறங்கியதும் கண்டக்டர், “இன்னும் ரெண்டு நடை இருக்கு, மேல நெறைய பேர் காத்திருக்காங்க” என்று அறிவித்துவிட்டு மறுபடி மேலே போனார். கூடத்தில் நாற்காலி போதவில்லை. முன்வரிசைக்காரர்கள் தாங்களாகவே எழுந்து இடம் கொடுத்தார்கள்.

சுவிட்ச் அறையிலிருந்து தலைவர் வீட்டம்மா வந்தார். கையில் சாவி. ஒரு புருவம் வில், மறுபுருவம் புதர். மைக்குக்கு முன்னால் வந்து நின்று கணவரைப் பார்த்தார்.

“நீங்க வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்” என்றார்.

அதைக் கேட்டு, அதுவரை தலைவர்மேல் கோபமாக இருந்த சிலருக்குக்கூட அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?” என்று வாயாடி முணுமுணுத்தாள்.

“கோள் சொல்லப் போறவங்க ரெண்டு புருவத்தையும் முடிச்சிட்டு, அலங்காரத்தோட சாவகாசமாப் போயிருப்பாங்க” என்றார் நிதானம். “பாதியில எழுந்து போனாங்கன்னு நீ சொன்னியே. மனசு சுட்டாத்தான் அப்படிப் போவாங்க.”

ஓட்டெடுப்பைக் கணக்கு வாத்தியார் நடத்தினார். தீர்மானம் தோற்றது. ஆண்டுக் கட்டணம் பழையபடியே இருக்கும், அதுவும் தொட்டி கழுவி, விளக்கு போட்டு, ஊஞ்சலைச் சரிசெய்த பிறகுதான் கட்டுவது என்று முடிவானது. பாக்கிதாரர் பலகையிலிருந்து மருமகளின் பெயரை உடனே அழிக்கச் சொன்னார்கள். தையல்காரம்மா எழுந்து, இந்தக் கம்பெனியின் ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடலாமா என்று சபையைக் கேட்டார்.

“பண்ணிடலாம்” என்றான் மேனேஜர், பழக்கதோஷத்தில்.

அதற்குப் பிறகு கூட்டத்தை நடத்துவது முடியாத காரியமாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் அப்படியே கலைந்தார்கள். கலைந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பல மாதமாகப் பார்க்காத முகங்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டு லிப்ட் வாசலில் நின்றன. தலைவரை மட்டும் அவர் வீட்டம்மா முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார்.

மருமகள் கூடத்தின் ஓரத்தில் மாமனாரைக் கண்டுபிடித்தாள். அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. திறந்திருந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் தணிந்து தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. ஒரு பஸ் போனது.

“மேல போலாமா மாமா? அசதியா இருக்கும்.”

“கொஞ்சம் நடந்துட்டு வரேம்மா. அந்த முனை வரைக்கும்.” பிறகு அவர் குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தார். “செருப்பு இல்லாம வந்துட்டேன் பாரு. அது பெட்டியில இல்ல இருக்கு. திங்கக்கிழமைக்குன்னு அடியில வச்சு அடுக்கிட்டேன்.”

“எடுத்துட்டு வரேன் மாமா.”

“எல்லாத்தையும் கலைச்சாத்தான் எடுக்க முடியும்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கலைச்சிரும்மா” என்றார் அவர். “வேட்டியெல்லாம் அலமாரியிலயே வச்சிரு. பெட்டியப் பரண்ல போட்டுரு.”

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். லிப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிப்படியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.